1807-ஐ விட்டுவிட்டு 1920-ஐச் சொல்லித்தர முடியாது

எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றின் முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. முதலில் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும் ஓட்டு இருந்தது, பிறகு கறுப்பின ஆண்களுக்குக் கிடைத்தது, 1920-ல் பெண்களுக்குக் கிடைத்தது, மார்ட்டின் லூதர் கிங் வந்தார், எல்லாம் சரியாகிவிட்டது. மேலே மட்டுமே ஏறும் மாடிப்படி மாதிரி ஒரு படம் அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. நியூஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு அரசுப் பள்ளியில் நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். என் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் படத்தைக் கலைப்பதில்தான் போகிறது. உரிமை தானாகவே கூடிக்கொண்டு போகும் என்று நம்புகிற பிள்ளைக்குக் குடிமையியல் எதற்கு? யாரோ பார்த்துக்கொள்வார்கள், நாம் பரீட்சைக்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் போதும் என்றுதான் அது நினைக்கும்.

இங்கே ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் சிலர், இந்தப் பாடத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பிள்ளைகளை இங்கே படிக்கவைக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். என் வகுப்பில் எது பலித்தது என்பதை அவர்களுக்காக எழுதுகிறேன்.

2021-ல் நியூஜெர்சியில் லாரா வூட்டன் சட்டம் வந்தது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் குறைந்தது அரையாண்டு அளவுக்காவது குடிமையியல் சொல்லித்தர வேண்டும் என்கிறது அது. 2022-23 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. லாரா வூட்டன் எந்தப் பெரிய பதவியிலும் இருந்தவர் இல்லை. 79 ஆண்டுகள் தேர்தல்தோறும் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து வேலை பார்த்த கறுப்பினப் பெண்மணி. ஒரு சட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் சட்டத்தால் பாடத்துக்கு நேரம்தான் ஒதுக்க முடியும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது ஆசிரியர் பொறுப்பு.

நான் செய்வது இதுதான்: கதையைச் சொல்வதற்கு முன்னால் காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். ஓட்டுரிமைப் பாடத்தைத் தொடங்கும் அன்று, 1801-ல் பக்கத்து சோமர்செட் கவுண்டியின் மான்ட்கோமரியில் ஓட்டுப் போட்டவர்களின் பட்டியலில் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுப்பேன். மேலே இருக்கும் ஊரையும் ஆண்டையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருப்பேன். இறகுப் பேனா எழுத்து. மை சில இடத்தில் ஊறியும் சில இடத்தில் வெளுத்தும் இருக்கும். முதல் சில நிமிடங்கள் முனகல்தான் கேட்கும். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொல்வேன். எப்படியும் ஒரு குரல் எழும்: “மிஸ், இது பொம்பளைப் பேர் மாதிரி இருக்கே?” இன்னொரு மேஜையிலிருந்து, “இங்கேயும் இருக்கு.” இது எந்த ஆண்டுக் காகிதம் என்று கேட்டால் வகுப்பே 1920-க்குப் பிறகு என்று சொல்லும். காகிதத்தின் பழமை இடிக்கிறதே என்று ஒரு சிலர் மட்டும் தயங்குவார்கள். அதற்கப்புறம்தான் ஒட்டிய தாளை எடுக்கச் சொல்வேன்.

1776-ல் எழுதிய நியூஜெர்சி அரசமைப்பில், 50 பவுண்டு சொத்தும் கவுண்டியில் ஓராண்டு குடியிருப்பும் இருந்தால் ஓட்டு உண்டு என்றுதான் இருந்தது. ஆண், வெள்ளையர் என்ற நிபந்தனை அதில் இல்லை. மணமான பெண்ணின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் காலம் என்பதால், ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் விதவைகளும் மணமாகாத பெண்களும். விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்களும் போட்டார்கள். 1807-ல் எஸெக்ஸ் கவுண்டி நீதிமன்றக் கட்டடம் நூவர்க்கில் வருவதா எலிசபெத்டவுனில் வருவதா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கள்ள ஓட்டு தாராளமாக விழுந்தது. ஆண்கள் பெண் வேடம் போட்டு மறுபடி மறுபடி வந்து போட்டார்கள் என்றுகூடப் புகார். அதையும் ஒரு காரணமாகக் காட்டி, அதே ஆண்டு நவம்பரில் சட்டமன்றம் வரி கட்டும் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் ஓட்டு என்று சட்டம் போட்டது. கட்சிக் கணக்கும் அதில் இருந்தது.

இந்த இடத்தில் வகுப்பில் வரும் கோபம் எனக்குத் தேவை. “ஏமாத்தினது ஆம்பளைங்க, ஓட்டை எடுத்தது பொம்பளைங்ககிட்டேயா?” என்று போன வருடம் ஒரு பையன் கேட்டான். பெண்கள் அதை மறுபடி வாங்க 113 ஆண்டு ஆயிற்று. நடுவில் 1915-ல் நியூஜெர்சி ஆண்கள் வாக்கெடுப்பில் மறுபடியும் முடியாது என்று சொன்னார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு 1920-க்கு வந்தால் அந்த ஆண்டுக்கு ஒரு எடை வருகிறது. இல்லாவிட்டால் அது வெறும் பரீட்சைக் கேள்வி.

கறுப்பின ஆண்களின் ஓட்டுக்கு நாங்கள் தூரம் போகவே வேண்டாம். இனத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்கிற 15-வது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியதாக அறிவித்த மறுநாள், 1870 மார்ச் 31, பெர்த் அம்பாயில் ஓட்டுப் போட்ட தாமஸ் மண்டி பீட்டர்சன்தான் அந்தத் திருத்தத்தின்கீழ் வாக்களித்த முதல் கறுப்பினத்தவர் என்று அறியப்படுபவர். பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அன்று வாக்கெடுப்பு ஊரின் நிர்வாகச் சாசனத்தைப் பற்றியது. அதிபர் தேர்தலும் இல்லை, செனட் தேர்தலும் இல்லை, உள்ளூர் விவகாரம். பிறகு அந்தச் சாசனத்தைத் திருத்தும் குழுவிலும் அவரைப் போட்டார்கள். ஊரார் அவருக்கு ஒரு பதக்கமும் செய்து கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் வார இறுதியில் பெர்த் அம்பாய் வழியாகத்தான் கடற்கரைக்குப் போகிறார்கள். புத்தகத்தில் அலபாமாவிலும் வாஷிங்டனிலும் மட்டுமே நடக்கிற வரலாறு, தெரிந்த ஊர்ப் பெயரோடு வரும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். எந்த மாநிலத்தில் பாடம் எடுத்தாலும் இதைச் செய்யலாம். உங்கள் கவுண்டியின் வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், தேவைக்கு மேல் கொடுப்பார்கள்.

சுவரில் ஒரு நீளக் கயிறு கட்டியிருக்கிறேன். அதில் ஆண்டு அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். உரிமை கூடியது என்றால் கயிற்றுக்கு மேலே, குறைந்தது என்றால் கீழே. 1807 கீழே, 1870 மேலே என்பதில் சண்டை வராது. 1804-ல்தான் சண்டை. அந்த ஆண்டு நியூஜெர்சி அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது. ஜூலை 4-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு விடுதலை. ஆனால் பெண்ணானால் 21 வயதுவரை, ஆணானால் 25 வயதுவரை தாயின் எஜமானருக்கு உழைத்துத் தீர்க்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அட்டையை மேலே வைப்பதா கீழே வைப்பதா? ஒரு முழுப் பீரியட் இதிலேயே போகும், போகவிட வேண்டும். 1846-ல் அடிமைமுறையை ஒழித்ததாகச் சொன்ன சட்டம், மிச்சமிருந்தவர்களை ஆயுளுக்கும் வேலைப்பழகுநர் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டது. 1860 கணக்கெடுப்பில்கூட அப்படி 18 பேர் இருந்தார்கள். நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த 13-வது திருத்தத்தை 1865-ல் நிராகரித்து 1866 ஜனவரியில் ஏற்ற மாநிலம் இது. இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமையும் எல்லாருக்கும் சமமான பாதுகாப்பும் தரும் 14-வது திருத்தத்தை 1866-ல் ஏற்று, 1868-ல் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்று, 2003-ல்தான் மறுபடி ஏற்றது. 2003 அட்டையைத் தொங்கவிடும்போது, “அது எங்க அண்ணன் பிறந்த வருஷம்” என்று யாராவது சொல்வார்கள். வடக்கு நல்லது, தெற்கு கெட்டது என்று படித்துவிட்டு வந்தவர்கள் அன்று வாயடைத்துப் போகிறார்கள்.

அடிமைமுறையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதை ஒருபோதும் நடித்துக் காட்டவைக்காதீர்கள். ஏலம், கப்பல், சங்கிலி என்று பிள்ளைகளை வைத்து நாடகம் போடும் பழக்கம் இந்த நாட்டில் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது கறுப்பினக் குழந்தையை வகுப்பு நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துவது. மற்றவர்களுக்கும் அதனால் எதுவும் விளங்கப்போவதில்லை. நான் தப்பியோடியவர்களைத் தேடிக் கொடுத்த பத்திரிகை விளம்பரங்களைக் கொடுக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு நியூஜெர்சிப் பத்திரிகைகளில் அவை நிறைய. எஜமானர் சொத்தைத் தேடுகிறார். ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே என்பதற்காக அவர் எழுதும் வரிகளில் ஒரு மனிதர் எழுந்து வருகிறார். ஆங்கிலமும் டச்சும் பேசுவார், பிடில் வாசிப்பார், தச்சு வேலை தெரியும், மனைவி இன்ன ஊரில் இருக்கிறாள், அங்கே போயிருக்கலாம். எஜமானர் சொல்ல நினைத்ததை ஒரு நிறத்திலும், நினைக்காமலே சொல்லிவிட்டதை இன்னொரு நிறத்திலும் கோடிடச் சொல்வேன். இரண்டாவது நிறம்தான் தாளை நிறைக்கும். ஒரு பெண் கடைசியில் எழுதியிருந்தாள்: “இவர் ஓடவில்லை, வீட்டுக்குப் போயிருக்கிறார்.” அந்த வரியை அவள் அனுமதியோடு வகுப்பில் படித்தேன்.

சட்டப் பாடத்திலும் இதே முறைதான்: தீர்ப்பை முதலில் சொல்வதில்லை. எங்கள் கவுண்டியிலேயே பிஸ்காட்டவே உயர்நிலைப் பள்ளியில் 1980-ல் நடந்த வழக்கு இருக்கிறது. சட்டப் புத்தகங்களில் அந்த மாணவியின் பெயர் டி.எல்.ஓ. என்ற எழுத்துகள் மட்டும். அறையின் ஒரு பக்கம் ‘பள்ளி செய்தது சரி’, எதிர்ப்பக்கம் ‘தப்பு’. கதையைத் துண்டு துண்டாகச் சொல்வேன். ஒவ்வொரு துண்டுக்கும் எழுந்து பக்கம் மாறலாம், மாறினால் காரணம் சொல்ல வேண்டும். கழிவறையில் இரண்டு மாணவிகள் புகைபிடித்ததாக ஆசிரியர் கூட்டி வருகிறார். பதினாலு வயதுப் பெண், நான் பிடிக்கவே மாட்டேன் என்கிறாள். துணை முதல்வர் அவள் கைப்பையைத் திறக்கிறார். சிகரெட் பாக்கெட் இருக்கிறது. அதன் கீழே சுருட்டும் தாள் கண்ணில் படுகிறது. மேலும் துழாவுகிறார்: கஞ்சா, குழாய், ஒரு டாலர் நோட்டுகள், பணம் தரவேண்டிய மாணவர்களின் பட்டியல், கடிதங்கள். கைப்பையைத் திறக்கும்வரை பள்ளிப் பக்கம் நின்ற பலர், கடிதத்தைப் படித்தார் என்றதும் நடந்து எதிர்ப்பக்கம் போவார்கள். கஞ்சா என்றதும் சிலர் திரும்பி வருவார்கள்.

நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் மாணவி பக்கம் நின்றது என்று சொல்லி ஒரு நாள் விட்டுவிடுவேன். மறுநாள்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1985-ல் 6-க்கு 3 என்று பள்ளிக்குச் சாதகம்: பள்ளிக்கு நீதிபதியின் வாரண்ட் வேண்டாம், நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். தோற்ற பக்கம் நின்றவர்களுக்கு மாற்றுத் தீர்ப்பிலிருந்து ஒரு பத்தி கொடுப்பேன். தாங்கள் சொன்ன வாதத்தையே ஒரு நீதிபதி எழுதியிருப்பதைப் பார்க்கும்போது பதிமூன்று வயதுப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அடுத்து யாராவது போனைப் பற்றிக் கேட்டே தீருவார்கள். கைதானவரின் போனைப் போலீஸ் பார்க்கக்கூட வாரண்ட் வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் வைத்து, பள்ளி ஒரு மாணவரின் போனைத் திறக்கலாமா என்று எழுதுங்கள் என்பதுதான் அந்தப் பாடத்தின் பரீட்சை. பதில் எந்தப் பக்கம் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. தீர்ப்பிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்களா என்பதற்குத்தான்.

நம் பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி தொடங்கியதும் பெற்றோர் மாலை ஒன்று நடக்கும். ஒரு முறை ஒரு தமிழ் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எச்-ஒன்-பி. எங்களுக்கு ஓட்டே கிடையாது. இந்த சிவிக்ஸ் எல்லாம் பையனுக்கு எந்த அளவுக்கு உதவும்? அந்த நேரத்துல அல்ஜீப்ரா...” அவர் கேட்டதில் தப்பே இல்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு எதிர்காலம் மதிப்பெண்ணில்தான் இருப்பதாகத் தோன்றும். நான் அவருக்குச் சொன்னேன்: “சார், ஓட்டு குடிமக்களுக்குத்தான். ஆனா பேச்சுரிமை, நியாயமான விசாரணை, சமமான பாதுகாப்பு இதெல்லாம் இங்க இருக்கிற எல்லாருக்கும் உண்டு. சமமான பாதுகாப்பு பத்தி 1886-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.” சான்பிரான்சிஸ்கோவில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த உரிமம் கேட்ட சீனர்களுக்கெல்லாம் மறுத்து, மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். குடியுரிமை இல்லாத யிக் வோ என்ற சலவைக்காரரின் பெயரால் அந்த வழக்கு இன்றும் வழங்குகிறது. பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசவும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. அடுத்த மாதம் வாரியக் கூட்டத்தில், பள்ளிப் பேருந்து நேரம் பற்றி அவரே பேசினார்.

எங்கள் வகுப்பில் இந்தியக் குடும்பங்கள் நிறைய என்பதால் பகத் சிங் திந்த் வழக்குக்கு நான் கூடுதல் நேரம் கொடுக்கிறேன். பஞ்சாபிலிருந்து வந்து, முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை விண்ணப்பம் திறந்திருந்த காலம். 1922-ல் ஒசாவா என்ற ஜப்பானியரிடம், வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர், நீ அது இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சில மாதம் கழித்து, நான் காகேசிய இனம்தானே என்று வந்த திந்திடம், சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்று சொல்லமாட்டான் என்றது. இரண்டையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். இரண்டு பத்திகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் கொடுத்தால் ஆசிரியர் வாய் திறக்கவே வேண்டாம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. மறுபடி கதவு திறந்தது 1946-ல், அப்போதும் இந்தியாவிலிருந்து புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்ற கணக்குதான். 1965 குடியேற்றச் சட்டம்தான் இந்தியர்கள் நிறைந்த இன்றைய எடிசனையும் ஐஸ்லினையும் உண்டாக்கியது. அந்தச் சட்டம் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. அந்தப் போராட்டத்துக்கும் தங்கள் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

சூடான அரசியல் வகுப்புக்குள் வராமல் இருக்காது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்பார்கள்; சொல்லமாட்டேன், ஏன் சொல்லமாட்டேன் என்பதைச் சொல்வேன். மதிப்பெண் போடும் கை என்னுடையது. என் கட்சி தெரிந்தால் சிலர் எனக்குப் பிடித்ததை எழுதுவார்கள். ஆனால் ஒதுங்கிவிடுவதும் சரியில்லை. 2025 ஜனவரியில், தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாவிட்டால் இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று அதிபர் ஆணை பிறப்பித்தபோது, மறுநாள் வகுப்புக்கு வந்த சில முகங்களில் பயம் அப்பியிருந்தது. “என்னோடது போயிடுமா?” ஆணையை அச்செடுத்துக் கொடுத்தேன். இனிமேல் பிறப்பவர்களைப் பற்றியது என்பதை அவர்களே படித்துக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் 14-வது திருத்தத்தின் முதல் வாக்கியம். அதற்குப் பக்கத்தில், சீனப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர் குடிமகன்தான் என்ற 1898-ன் வோங் கிம் ஆர்க் தீர்ப்பிலிருந்து இரண்டு பகுதிகள், பெரும்பான்மைத் தீர்ப்பும் மாற்றுத் தீர்ப்பும். அந்த வாரமே ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆணைக்குத் தடை போட்டார், அதையும் படித்தோம். என் கருத்தை யாரும் கேட்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பயம் கொஞ்சம் குறைகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

வசந்த காலத்தில் செயல்திட்டம். உலக வெப்பமயமாதலை எடுத்துக்கொள்ள வகுப்பு ஆசைப்படும். நான் விடமாட்டேன், பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடியுங்கள் என்பேன். ஒரு வகுப்பு, பள்ளிக்குப் பக்கத்துச் சாலையில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு சீக்கிரம் அணைந்துவிடுகிறது என்பதை எடுத்துக்கொண்டது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவர் பாதிச் சாலையிலேயே மாட்டிக்கொள்கிறார். விநாடிகளை அளந்தார்கள், வீடியோ எடுத்தார்கள், மேயருக்கு எழுதினார்கள். பதில் மரியாதையாக வந்தது: அது மாநில நெடுஞ்சாலை, நகராட்சிக்கு அந்த விளக்கில் அதிகாரம் இல்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கோ அதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்காது. எந்தச் சாலை யாருடையது என்று வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தோம். ஒரே சந்திப்பில் குறுக்குச் சாலை கவுண்டியுடையது, நடைபாதை நகராட்சியுடையது, விளக்கு மாநிலத்துடையது. கூட்டாட்சி என்றால் என்ன என்று நான் பலகையில் கட்டம் போட்டு விளக்கியபோது தலையாட்டியவர்களுக்கு, அது அன்றுதான் புரிந்தது.

பிறகு மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கடிதம், எங்கள் தொகுதியின் மாநில செனட்டருக்கும் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அதன் நகல். நகராட்சி மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் இரண்டு மாணவிகள் பேசினார்கள். மன்றம் தன் பங்குக்கு ஒரு ஆதரவுத் தீர்மானம் போட்டது. சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் சந்திப்புக்கே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். கோடை விடுமுறை தொடங்கும்வரை விளக்கின் நேரம் மாறவில்லை. ஆய்வு செய்வதாகக் கடிதம் மட்டும் வந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில், வேறு பள்ளியில். அளவுகள், வீடியோ, போய்வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி இந்த ஆண்டு வகுப்பிடம் கொடுத்திருக்கிறேன். முதல் வேலையாக, ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பொதுப் பதிவேடுகள் சட்டத்தின்கீழ் கேட்டு எழுதும் விண்ணப்பத்தை அவர்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.